பூமிபுத்ராவும் ஒராங் அஸ்லியும்

பினாங்குக்கும் ஈப்போவுக்கும் சபர் சென்று திரும்பியவர்கள் நம் ஊர்களில் பலர் உண்டு. அவர்கள் பேச்சில் அடிபடும் மலாய்ச் சொற்களுள் இரண்டை நாம் ஒன்றாகவே கருதிவிட்டோம். 'பூமிபுத்ரா' என்றாலும் 'ஒராங் அஸ்லி' என்றாலும் அந்நாட்டுப் பூர்வகுடி என்றே பொருள் சொல்லி வருகிறோம். சொல்லளவில் இது பெரும் பிழையன்று. முன்னது வடமொழி வழி வந்தது. மண்ணின் மைந்தன் என்பது அதன் பொருள். பின்னதில் 'ஒராங்' என்பது மனிதனைக் குறிக்கும் மலாய்ச் சொல். 'அஸ்லி'யோ அரபியின் 'அஸ்ல்' என்னும் வேரிலிருந்து பிறந்தது. நம் வணிகர்கள் நாள்தோறும் புழங்கும் 'அசல்' என்ற சொல்லுக்கும் வேர் அதுவே. எனினும், நடைமுறையில் இவ்விரு சொற்களின் கதைகள் வெவ்வேறு.

மலாய் அரசுகள் தோன்றுமுன்பே தீபகற்பத்தின் காடுகளில் வாழ்ந்தவர்களின் வழியினரே ஒராங் அஸ்லிகளுள் பெரும்பாலோர். செமாய், தெமியார், ஜஹாய், தெமுவான் என 18 பிரிவினராக இவர்களைக் கணக்கிடுகின்றனர். முன்பு இவர்களுக்கு வழங்கிய பெயர் 'சக்காய்'. அடிமை என்ற இழிபொருள் கொண்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு இம்மக்களிடமிருந்து உணவும் தகவலும் கிடைத்தன. இவர்களைத் தன் பக்கம் ஈர்க்க முனைந்த அரசாங்கம் பழைய பெயரைக் கைவிட்டு, 'ஒராங் அஸ்லி' என்று அழைக்கலாயிற்று. தேவை வந்தபோது பிறந்த மரியாதை!

'பூமிபுத்ரா' அரசியலும் பொருளாதாரமும் வளர்த்த சொல். அரசுப் பணி, கல்வி உதவி, வணிக உரிமம் ஆகியவற்றில் மலாய்க்காரருக்கும், சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் தனி இடம் அளிப்பது மலேசிய அரசியல் சட்டத்தின் 153ஆம் விதி. வியப்பு என்னவெனில், அவ்விதியில் 'பூமிபுத்ரா' என்ற சொல்லே இல்லை! ஒராங் அஸ்லிகளின் பெயரும் இல்லை. அவர்களுக்கென 8ஆம் விதியில் ஒரு வாசகமும், 1954ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் உள்ளன. 1969 மே 13 கலவரத்தை அடுத்து, 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. 1990க்குள் நிறுவனப் பங்குகளில் 30 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு என அது இலக்கு வகுத்தது. ஒராங் அஸ்லிகளும் கணக்கெடுப்பில் பூமிபுத்ராக்களாகவே எண்ணப்படுகின்றனர். அந்தப் பங்குகளில் அவர்கள் கைக்கு எட்டியது சொற்பமே.

நம்மவர் கவனிக்க வேண்டிய இடம் 160ஆம் விதி. மலாய்க்காரர் என்பவர் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் மரபை ஒழுகுபவர். அவரோ பெற்றோருள் ஒருவரோ 1957 ஆகஸ்டு 31க்கு முன் அங்கோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால் போதும். வம்சம் பற்றி ஒரு சொல்லும் அவ்விதியில் இல்லை. ஆகவே, நாகூரிலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ கப்பலேறியவரின் பேரன், பினாங்கில் மலாய்ப் பெண்ணுக்குப் பிறந்து மலாய் பேசி வளர்ந்தால் சட்டப்படி மலாய்க்காரன், பூமிபுத்ராவும் ஆவான். வீட்டில் தமிழையும் நம் வழக்கங்களையும் விடாத அடுத்த வீட்டுக்காரனின் பேரன் 'இந்திய முஸ்லிம்' என்றே நிற்பான். இருவரின் பாட்டனாரும் ஒரே பாய்மரத்தில் வந்திருக்கலாம்.

காட்டில் பிறந்தவனின் நிலையைப் பாருங்கள். 1995இல் சிலாங்கூரில் விமான நிலையச் சாலைக்காகத் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. மரங்களுக்கும் வீடுகளுக்குமே இழப்பீடு தரப்பட்டது, நிலத்துக்கு இல்லை. வழக்காடினார்கள். 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அந்நிலத்தில் அவர்களுக்கு மரபுவழி உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.