செவிப்பாம்பின் வரலாறு

மழை ஓய்ந்த மறுநாட் காலையில் குளியலறைத் தரையிலோ பூந்தொட்டியின் அடியிலோ கருநூல் போன்ற ஒன்று நெளியக் கண்டால், 'செவிப்பாம்பு' என்ற கூக்குரலே தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் எழும். உறங்குவோரின் காதினுள் புகுந்து உயிரைக் குடிக்கும் என்பது அதன்மேல் ஏற்றப்பட்ட பழி. துடைப்பத்தால் அடித்துக் கொல்வதற்கு அந்தப் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்துவந்திருக்கிறது.

பெரும்பாலும் ஒரு சாணுக்கும் குறைந்த இச்சிற்றுயிருக்கு நஞ்சில்லை. மனிதரைக் கடிக்கும் அளவு வாயுமில்லை. எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளும் புழுக்களுமே அதன் உணவு. கண்கள் செதிலுக்கடியில் இரு கரும்புள்ளிகளாய் மறைந்துள்ளன. ஒளியையும் இருளையும் பிரித்தறிவதற்கு மேல் அவை பயன்படா. மண்ணுள் நீர் நிறையும்போது வேறு வழியின்றி மேலே வருகிறது. ஒரு தாளில் ஏந்தித் தோட்டத்து மண்ணில் விட்டால் நொடியில் மறைந்துவிடும்.

இதனை அறிவியல் ஏட்டில் ஏற்றியவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல். நச்சுப் பாம்பையும் நஞ்சற்றதையும் மக்கள் வேறுபடுத்தி அறிய வேண்டும் என்பது அவர் பெருவிருப்பம். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் லண்டனில் வெளியான அவரது நூலில், 'இரண்டு தலைப் பாம்பு' எனப் பொருள்படும் தெலுங்குப் பெயருடன் இது இடம்பெற்றது. தலையும் வாலும் ஒன்றுபோல் மழுங்கியிருப்பதைக் கண்ட விசாகப்பட்டினத்து மக்கள் இட்ட பெயர் அது. அந்நூலை ஆதாரமாகக் கொண்டே 1803இல் பிரெஞ்சு அறிஞர் தொதேன் இதற்கு 'பிராமினஸ்' எனச் சிற்றினப் பெயர் சூட்டினார். பேரினப் பெயரோ பலமுறை மாறி, 2014இல் 'இண்டோடிப்லாப்ஸ்' ஆயிற்று. பெயர் மாற்றுவதில் அறிஞர்க்குச் சலிப்பே இல்லை போலும்!

இதனினும் வியப்பு, இவ்வினத்தில் ஆண் இல்லை என்பதே. ஒவ்வொன்றும் பெண்; இணையின்றியே முட்டையிடும்; பிறப்பனவும் பெண்களே. பொதுவாக இரண்டாக அமையும் குரோமோசோம் தொகுதிகள் இதற்கு மூன்று என்பதை 1987இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே தொட்டி மண்ணில் ஒளிந்து ஒரே ஒரு பாம்பு கப்பலேறினாலும் புதிய கரையில் ஒரு குலம் தோன்றிவிடும். ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பரவி, உலகில் மிக விரிந்து வாழும் தரைப்பாம்பாக இது ஆனது இப்படித்தான். இயல்பாகத் தரைப்பாம்புகளே இல்லாத ஹவாய்த் தீவுகளிலும் 1930ஆம் ஆண்டளவில் குடியேறிவிட்டது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த செடிகளின் மண்ணோடு வந்திருக்கும் எனக் கருதுகின்றனர். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இதன் பெயர் 'பூந்தொட்டிப் பாம்பு'.