கண்டியிலிருந்து கொட்டியாரத்துக்கு ஒரு நீர்வழி

மகாவலி கங்கையில் படகுவிட்டு, கண்டியிலிருந்து கொட்டியாரக் குடாவுக்கு வந்துசேர முடியுமா? இக்கேள்வி புதியதன்று. வணிகரும் படைத்தலைவரும் நில அளவையாளரும் வெவ்வேறு காலங்களில் இதனைக் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று எழுத்தில் விடை பகர்ந்தவர்களுள் முந்தியவர், அந்தக் குடாவிலேயே பிடிபட்ட றொபேர்ட் நொக்ஸ்.

1659இன் இறுதியில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், அதனைச் சீர்செய்துகொள்ளக் கொட்டியாரத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும், அவருடைய மகனையும், மாலுமிகள் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுசென்றனர். தந்தை 1661இல் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். அவர்கள் பிடிபட்ட இடம் என்று மூதூரில் ஒரு புளியமரத்தடியைக் காட்டுவார்கள். மகன் நொக்ஸ் எழுதி 1681இல் லண்டனில் வெளிவந்த நூலை இலங்கை வரலாறு படித்த எவரும் அறிவர். அதில் மகாவலியைப் பற்றி அவர் சொல்வது இதுதான்: ஆறு அகலமானது, ஆழமானது; ஆனால் பாறைகளும் வீழ்ச்சிகளும் மிகுந்திருப்பதால் கலம் செல்லாது. கடலை அண்டிய பகுதியில் முதலைகள் நிறைந்திருக்கும், மலைப்பகுதியில் ஒன்றும் இராது. மக்கள் சிறு தோணிகளில் அக்கரை செல்வார்கள். பாலம் ஒன்றும் இல்லை. கட்ட முடிந்தாலும் அரசன் அனுமதியான், ஏனெனில் தன் நாட்டில் பயணம் எளிதாவதை அவன் விரும்பவில்லை.

இக்கடைசிச் செய்தியையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கண்டி இராச்சியத்துக்குக் கிழக்கு வாசல் கொட்டியாரம். 1612இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனின் இசைவோடு அங்கே கோட்டை கட்ட முயன்றனர். போர்த்துக்கேயர் வந்து அதனை அழித்தனர். 1672இல் பிரெஞ்சுக் கடற்படை இதே குடாவில் நங்கூரமிட்டு அரசனோடு பேச்சு நடத்தியது. ஒல்லாந்தர் அதனை விரட்டினர். வாசலுக்காக இத்தனை பேர் மோதிக்கொண்டபோதும், வாசலிலிருந்து உள்வீட்டுக்குச் செல்லும் வழியை அரசன் காடாகவே வைத்திருந்தான். உப்பும் கருவாடும் துணியும் ஆற்றின் வழியே மலை ஏறவில்லை. பொதிமாட்டுத் தவளங்களின் முதுகிலேயே ஏறின. பாக்கும் அவ்வாறே இறங்கிற்று. ஆறு அருகில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவே.

நொக்ஸ் தப்பிய கதையும் ஓர் ஆற்றின் கதைதான். 1679இல் அவரும் நண்பர் ஒருவரும் மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு காட்டினூடே நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். நாம் அருவியாறு என்பது அதனைத்தான். கிழக்கே ஓர் ஆற்றின் வாயில் பிடிபட்டவர், மேற்கே இன்னோர் ஆற்றின் வாயில் விடுதலையானார்.

ஆங்கிலேயர் 1815இல் கண்டியைக் கைப்பற்றியபின், வழியை மூடிவைக்க அரசன் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தையும் மலைநாட்டையும் நீரால் இணைக்கலாமா என்ற எண்ணம் அப்போது எழுந்ததில் வியப்பில்லை. புறூக் என்பவர் ஆற்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1833இல் லண்டன் றோயல் புவியியற் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. பேராதனையிலிருந்து ஆறு கிளை பிரியும் இடம் வரையும், அங்கிருந்து வெருகல் கிளைவழியே கடல் வரையும் அது விவரிக்கிறது. இன்று நாம் பயணத் திட்டம் என்று சொல்வதன் முன்னோடி அக்கட்டுரைதான். ஆனால் திட்டம் தாளோடு நின்றது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1820களிலேயே வீதி அமைந்துவிட்டது. 1867இல் புகையிரதமும் வந்துவிட்டது. மலைநாட்டின் செல்வம் மேற்கே இறங்கிற்று. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று, பின்னே ஒரு நாடு இல்லாத கடற்படைத் தளமாகவே நின்றுவிட்டது. கிழக்கின் வறுமையைப் பற்றிப் பேசுவோர் இந்த ஒரு திருப்பத்தைப் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் கருத்து.

அண்மையில் இக்கேள்வியை என்னிடம் கேட்டவர் ரொறன்ரோவில் வளர்ந்த ஓர் இளைஞர். எனக்கு மருமகன் முறை. பெற்றோர் கட்டைபறிச்சானைச் சேர்ந்தவர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பௌறன் ஏரிகளில் தோழர்களோடு துடுப்புப் போட்டவர். அங்கே மலைகளுக்கு நடுவே ஏரிக்கு ஏரி தொடுத்து 116 கிலோமீற்றர் சுற்றி வரலாமாம். நீர் அறும் இடங்களில் தோணியைச் சுமந்து நடப்பார்கள். பூர்வகுடிகள் பழக்கிய முறை அது; பின்னர் மென்மயிர்த் தோல் வணிகர்கள் அதனாலேயே கண்டம் கடந்தார்கள். "அதுபோல அம்மாவின் ஊருக்குக் கயாக்கிலே போகலாமா, மாமா?" என்று கேட்டிருந்தார்.

நொக்ஸும் புறூக்கும் கண்ட ஆறு இப்போது இல்லை என்பதை முதலில் விளக்கவேண்டியிருந்தது. பொல்கொல்லயில் 1976இல் முடிந்த தடுப்பணை, நீரின் ஒரு பங்கைச் சுரங்கவழியே வடக்கே திருப்புகிறது. அதன் கீழே 122 மீற்றர் உயரமுள்ள விக்ரோறியா அணை 1985இலும், ரந்தெனிகல 1986இலும், ரந்தம்பே 1990இலும் முடிவுற்றன. கண்டிக்கும் மினிப்பேக்கும் இடையே முந்நூறு மீற்றருக்கு மேல் ஆறு விழும் பகுதி இது. பழைய வீழ்ச்சிகள் பல நீரடியிற் போய்விட்டன. பழைய தெல்தெனிய நகரமும் போயிற்று. கேட்டவருக்குப் பழகிய மலையேரிகள் இங்கேயும் உருவாகிவிட்டன என்று சொல்லலாம். சுற்றியுள்ள காடு 1987இல் சரணாலயமாக்கப்பட்டது. ஆயினும் ஒவ்வோர் அணையிலும் கலத்தைக் கரையேற்றி வீதிவழியே கொண்டுசெல்ல வேண்டும். ஒவ்வோரிடத்திலும் அனுமதி வேண்டும். அணைக்குக் கீழே நீர்மட்டம் மழையைப் பொறுத்ததன்று, மதகு திறப்பவரைப் பொறுத்தது. முன்னறிவிப்பின்றி ஆறு பெருகலாம். ஆகவே மினிப்பேக்குக் கீழே தொடங்குவதே அறிவு என்று எழுதினேன்.

அங்கிருந்து வருவது வேறோர் ஆறு. மகியங்கனை, மன்னம்பிட்டி கடந்தால் சமவெளி. வெள்ளம் பரவி வடிந்தபின் ஆற்றின் இருமருங்கிலும் தேங்கிக் கிடக்கும் நீர்நிலைகளை நம்மவர் வில்லு என்பர். யானைகள் அங்கே புல்லுக்கு வரும். வஸ்கமுவ, வெள்ளச்சமவெளி, சோமாவதி ஆகிய தேசியப் பூங்காக்கள் கரையில் இருப்பதால், வனசீவராசிகள் திணைக்களத்தின் இசைவின்றி இரவு தங்கக் கூடாது. முதலைகளைப் பற்றி நொக்ஸ் சொன்னதில் மாற்றமில்லை. மாரி வெள்ளம் வடிந்து, வாடை அடங்கி, கச்சான் காற்று இன்னும் பலக்காத பங்குனியும் சித்திரையும் தக்க காலம்.

பின் ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொட்டியாரக் குடாவுக்கு, மற்றது வெருகலுக்கு. எதிலே திரும்புவது?

கொட்டியாரக் கிளையில் வந்தால் மூதூர். அதற்கப்பால் குடாவின் தென்கரையோரம் கட்டைபறிச்சான். அப்பகுதி மக்களுக்கு நீர், வழியாக அல்ல, தடையாகவே நெடுங்காலம் இருந்தது. திருகோணமலைக்குத் தரைவழியே செல்வதானால் கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று துறைக்குத் துறை இறங்கி ஏறவேண்டும். வாகனங்களை ஏற்றிக் கடத்தும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். வெளியூரார்க்கு இது விளங்காது. பாதை வரும்வரை காத்திருந்தோம், பாதை போய்விட்டது என்றெல்லாம் பேசுவோம். அதனாலேயே நோயாளியும் மாணவரும் குடாவைக் குறுக்கறுத்து லாஞ்சியில் போயினர். கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளுக்கும் வெருகலுக்கும் 2011இல் பாலங்கள் கிடைத்தன. நொக்ஸின் காலத்து அரசன் வேண்டாமென்றது, முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஆற்றின் கடைவாயில் நிறைவேறிற்று.

நான் வெருகல் கிளையில் திரும்பச் சொன்னேன். கோடையில் நீர் அதிலேதான் உண்டு என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தையும் எழுதினேன். அக்கிளையின் நீரை வயல்களுக்குத் திருப்பும் மாவிலாற்று அணையின் மதகை 2006 யூலையில் விடுதலைப்புலிகள் மூடினர்; அதனைத் திறக்கவென்று தொடங்கிய படை நடவடிக்கை பெரும் போராயிற்று. ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் ஊரைவிட்டு ஓடினர். செப்டெம்பரில் சம்பூர் படையினர் வசமாயிற்று. கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர் மக்கள் தெற்கே வெருகலைக் கடந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புக்கும் போயினர். கட்டைபறிச்சான் மீளக் குடியேறியபின்னும், சம்பூர்க் குடும்பங்கள் பல அங்கேயே முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்தன. அவர்களுடைய நிலத்துக்கு வழி திறந்தது 2015இலேதான்.

வெருகலில் கரையேறி, கலத்தை ஒரு வாகனத்தில் ஏற்றிவிட்டு, வடக்கே ஈச்சிலம்பற்றை வழியாக அம்மாவின் ஊருக்கு அவர் நடந்து போகட்டும். தாயும் தகப்பனும் 2006இல் அதே வீதியால் எதிர்த்திசையில் வந்தவர்கள்.