நாற்பத்தாறு வருஷத்துக் கேள்வி

கணிதம் என்ற சொல்லைப் பார்த்ததுமே அடுத்த கட்டுரைக்குத் தாவிவிடும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்தத் தடவை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கூட்டலும் பெருக்கலும் போட்டு உங்களைத் துன்புறுத்த எனக்குத் திறமையும் கிடையாது, விருப்பமும் கிடையாது. ஆனால் கணித சாஸ்திரத்தின் சரித்திரத்தில் ஒரு கதை இருக்கிறது. அதில் இரண்டு சிநேகிதர்கள் வருகிறார்கள். ஒரு கடல் வருகிறது. ஒரு கேள்வியும் வருகிறது. சிநேகிதர்களில் ஒருவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. கேள்வியை மட்டும் அதனால் கொண்டுபோக முடியவில்லை.

திரை விலகுமுன் மேடையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1906-ஆம் ஆண்டில் பாரிஸில் மோரிஸ் ஃப்ரெஷே என்ற இளைஞர் டாக்டர் பட்டத்துக்காக ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். அதுவரையில் புள்ளி என்றால் பெரும்பாலோருக்குக் காகிதத்தில் பேனா முனையால் வைக்கிற புள்ளிதான். ஃப்ரெஷே துணிந்து ஒரு காரியம் செய்தார். ஒரு முழுச் சார்பையே ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டு பேசலாம் என்றார்.

சார்பு என்றால் என்ன? ஓர் ஊரில் ஒவ்வோர் இடத்திலும் இந்த நிமிஷத்தில் எவ்வளவு உஷ்ணம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டால் அந்தக் குறிப்பு முழுவதும் சேர்ந்து ஒரு சார்பு. குளக்கரையிலிருந்து இரண்டு அடி நகர்ந்தால் உஷ்ணமும் சிறிதளவே மாறும், திடீரென்று தாவாது. அப்படித் தாவாமல் மாறுவதைத் தொடர்ச்சியான சார்பு என்கிறார்கள். இன்றைக்கு ஒரு சார்பு, நாளைக்கு வேறொரு சார்பு. இப்படி இருக்கக்கூடிய சார்புகளையெல்லாம் ஒன்று திரட்டினால் அதுவே இன்னோர் ஊர் ஆகிவிடுகிறது. அங்கே ஒவ்வொரு சார்பும் ஒரு குடித்தனக்காரர். கணிதக்காரர்கள் இத்தகைய ஊரை ‘வெளி’ என்பார்கள்.

அதே நூலில் ஃப்ரெஷே ஒரு குணத்துக்கு ‘காம்பாக்ட்’ என்று பெயர் வைத்தார். நம்முடைய ‘கச்சிதம்’ என்ற சொல் அதற்கு நன்றாகவே பொருந்தும். அந்தக் குணத்தின் இன்றைய பொருளைச் சொல்கிறேன். ஓர் ஊரில் எண்ணற்ற விளக்குகள் இருக்கின்றன. எந்த மூலையிலும் இருட்டு இல்லை. ஒரு சில விளக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அணைத்துவிட்டாலும் ஊர் முழுவதும் வெளிச்சமாக இருக்குமா? முடிவில்லாமல் நீண்டு போகும் சாலையில், ஃபர்லாங்குக்கு ஒன்றாக விளக்கு வைத்திருந்தால், ஒன்றை அணைத்தாலும் அங்கே இருட்டுதான். விளக்குகளை எப்படி வைத்தாலும் அவற்றில் ஒரு சிலவே போதும் என்ற பாக்கியம் சில ஊர்களுக்கு உண்டு. அவையே கச்சிதமான வெளிகள்.

இந்த விளக்கு இலக்கணத்தின் பெருமையை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்கள் ருஷ்யாவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். இருவருக்கும் பாவெல் என்றே பெயர்.

மூத்தவர் பாவெல் அலெக்ஸாந்த்ரோவ், 1896-இல் பிறந்தவர். மாஸ்கோ சர்வகலாசாலையில் மாணவராக இருந்தபோதே, 1915-இல், ஒரு பெரிய உண்மையை நிரூபித்துப் பெயர் வாங்கினார். உடனே ஆசிரியர் லூசின் அவரிடம் அதைவிடப் பெரிய புதிரைக் கொடுத்தார். அது அக்காலத்தில் எவராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு. தோல்வியில் மனம் ஒடிந்த அலெக்ஸாந்த்ரோவ் கணிதத்தையே துறந்துவிட்டு வெளியூர்களில் நாடகங்கள் தயாரிக்கப் போய்விட்டார்! உள்நாட்டு யுத்தத்தின் நடுவே சில நாள் சிறையிலும் இருந்தார். 1920-இல்தான் மீண்டும் மாஸ்கோவுக்குத் திரும்பினார்.

இளையவர் பாவெல் உரிசோன், 1898-இல் ஒடெஸ்ஸாவில் பிறந்தவர். பௌதிகம் படிக்க வந்தவர். லூசினின் பிரசங்கங்களைக் கேட்டுக் கணிதத்துக்கு மாறினார். 1921-இல் பேராசிரியர் யெகோரோவ் அவரிடம் ஒரு கேள்வி போட்டார்: கோடு என்றால் என்ன, பரப்பு என்றால் என்ன? குழந்தைக்கும் தெரிந்தது போலத் தோன்றும் கேள்வி. ஆனால் அதற்கு யாரும் சரியான இலக்கணம் சொன்னதில்லை. அந்தக் கோடைகாலம் முழுவதும் மாஸ்கோவுக்கு அருகே போல்ஷெவோ என்ற கிராமத்தில் உரிசோன் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள் காலை விழித்தெழுந்தபோது விடை மனத்தில் நின்றது.

பஞ்சமும் குளிரும் வாட்டிய அந்த நாட்களில் இருவரும் இணைபிரியாத சிநேகிதர்கள் ஆனார்கள். கச்சிதமான வெளிகளைப் பற்றிச் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 1923-இல் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்.

அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் வேண்டும். முடிவிலி எல்லாம் ஒரே அளவானது அல்ல என்பதை ஜெர்மனியில் கியோர்க் காண்டர் 1874-இலேயே காட்டிவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போவது சிறிய முடிவிலி. ஒரு கோட்டில் உள்ள புள்ளிகள் அதைவிடப் பெரிய முடிவிலி. அதற்கும் மேலே, படிப்படியாக, இன்னும் பெரியவை உண்டு.

இப்போது ஒரு கச்சிதமான ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த இரண்டு பேரையும் ஒன்றோடொன்று முட்டாத இரண்டு வேலிகளால் பிரித்துவிடலாம். ஒவ்வொருவரையும் சுற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத்தக்க வேலிகளை உள்ளே உள்ளே நெருக்கிப் போட்டு அவர் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டிவிடலாம். அப்படியானால் அந்த ஊரின் மொத்த ஜனத்தொகை, ஒரு கோட்டில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை மிஞ்ச முடியுமா?

கேள்வி இவ்வளவுதான். சில விசேஷமான ஊர்களில் மிஞ்சாது என்று சிநேகிதர்கள் நிரூபித்தார்கள். எல்லா ஊர்களுக்கும் பொதுவாகச் சொல்ல முடியவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடும் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஊர் எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியுமா? யோசித்துப் பார்த்தால் இது கணிதக்காரர்களை மட்டும் மயக்கும் கேள்வி அல்ல என்று தோன்றுகிறது.

1923-ஆம் ஆண்டுக் கோடையில் இருவரும் ஜெர்மனிக்குச் சென்று கெட்டிங்கனில் ஹில்பர்ட்டையும் எம்மி நோதரையும் கண்டார்கள். அடுத்த ஆண்டு மறுபடி கிளம்பினார்கள். பான் நகரத்தில் ஹவுஸ்டார்ஃபைப் பார்த்தார்கள். புனைபெயரில் நாடகமும் எழுதிய கணிதமேதை அவர். விருந்தாளிகள் தினந்தோறும் ரைன் நதியை நீந்திக் கடப்பதைக் கண்டு அவருக்கு மனசு சரிப்படவில்லை, கடிந்துகொண்டார். பிறகு ஹாலந்தில் ப்ரௌவரைச் சந்தித்தார்கள். உரிசோனின் கூர்மை அவரை மிகவும் கவர்ந்தது. அங்கிருந்து பாரிஸ், அங்கிருந்து பிரெஞ்சுக் கடற்கரையில் பாட்ஸ் என்ற சிற்றூர். ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். கணிதமும் கடலும் தவிர வேறு வேலை இல்லை.

1924 ஆகஸ்டு 17. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மாலை ஐந்து மணி சுமாருக்கு இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். இறங்கும்போதே இரண்டு பேருக்கும் என்னவோ மனம் கலங்கிற்று என்றும், இன்று வேண்டாமே என்று சொல்ல நினைத்தும் தாம் சொல்லாமல் இருந்துவிட்டதாகவும் அலெக்ஸாந்த்ரோவ் தமது முதுமையில் எழுதிய சுயசரிதைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். பேரலை ஒன்று அவரைத் தூக்கிக் கரைப்பக்கம் எறிந்தது. திரும்பிப் பார்த்தார், சிநேகிதரை அலைகள் ஆட்டிக்கொண்டிருந்தன. நீந்திப் போய் இழுத்து வந்தார். வைத்தியம் பலிக்கவில்லை. இருபத்தாறே வயதான உரிசோனை அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் எழுதத் தொடங்கியிருந்த கட்டுரை ஒன்று முடியாமலே நின்றுவிட்டது.

நான் எழுதும் கதையாக இருந்தால் இங்கேயே முற்றும் போட்டிருப்பேன். அலெக்ஸாந்த்ரோவ் முற்றும் போடவில்லை. 1925-இல் ஹாலந்துக்குச் சென்று ப்ரௌவருடன் தங்கி, உரிசோனின் கைப்பிரதிகளை ஒழுங்குபடுத்தி அச்சுக்குக் கொடுப்பதில் ஈடுபட்டார். உரிசோன் மறைந்த மறுவருஷம் வெளிவந்த ஒரு கட்டுரையில்தான் இன்று அவர் பெயரால் வழங்கும் துணைத்தேற்றம் இருக்கிறது. கச்சிதமான ஊரில் இரண்டு பேரை எடுத்துக்கொண்டால், ஒருவரிடத்தில் பூஜ்யமும் மற்றவரிடத்தில் ஒன்றும் காட்டுகிற தொடர்ச்சியான சார்பு ஒன்று கட்டாயம் உண்டு என்பதை அதிலிருந்து பெறலாம். அதாவது, ஊரில் யாரையும் யாரோடும் குழப்பிக்கொள்ளாத அளவுக்குச் சார்புகள் நிறைந்திருக்கின்றன. இருவரும் கச்சிதத்தைப் பற்றிச் சேர்ந்து எழுதிய நூல் 1929-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியாயிற்று. அட்டையில் இரண்டு பெயர்களும் இருந்தன. ஒருவர் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

அலெக்ஸாந்த்ரோவை நான் மகாத்மாவாக்கப் பார்க்கவில்லை. 1936-இல் லூசினின் மேல் அரசியல் குற்றம் சுமத்தி விசாரணை நடந்தபோது, குருவுக்கு எதிராகப் பேசியவர்களில் அவரும் ஒருவர். சரித்திரத்தில் இது ஒரு கறைதான். நண்பருக்கு அவ்வளவு விசுவாசமாக இருந்த மனம் ஆசிரியரிடத்தில் ஏன் அப்படி நடந்தது என்று கேட்டால், மனித மனம் எந்தத் தேற்றத்துக்கும் கட்டுப்பட்டதல்ல என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் தாம் ஆசிரியரான பிறகு அவர் மாணவர்களைக் கொண்டாடி வளர்த்தார். அவர்களுக்காகச் சங்கீத மாலைகள் நடத்தினார். அவரிடம் பயின்ற திகோனோவ் 1930-இல், கச்சிதமானவற்றை எத்தனை பெருக்கினாலும் கச்சிதம் குலையாது என்பதற்கு வழி காட்டினார். 1938-இல் பிறந்த அர்ஹாங்கெல்ஸ்கி என்ற மாணவர் பிற்காலத்தில் வந்து சேர்ந்தார். பழைய கேள்வி ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்குப் பாட்டி சொன்ன விடுகதை மாதிரி நடந்துகொண்டிருந்தது.

1969-இல் அர்ஹாங்கெல்ஸ்கி விடை கண்டார்: மிஞ்ச முடியாது! ஊரின் ஜனத்தொகை கோட்டின் புள்ளிகளை ஒருபோதும் தாண்டாது. ஒரு சில விளக்குகள் என்பதற்குப் பதிலாக எண்ணத்தக்க விளக்குகள் போதும் என்று நிபந்தனையைத் தளர்த்தினாலும் அந்த முடிவு நிற்கும் என்றும் காட்டினார். கேள்வி பிறந்து நாற்பத்தாறு வருஷம். உரிசோன் மறைந்து நாற்பத்தைந்து வருஷம். அலெக்ஸாந்த்ரோவுக்கு அப்போது வயது எழுபத்துமூன்று. சொந்த மாணாக்கன் கையாலேயே பதில் வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பின், 1971-இல், சிநேகிதர்களின் பழைய நூல் மாஸ்கோவில் மறுபடியும் அச்சாயிற்று.

அர்ஹாங்கெல்ஸ்கி அதோடு நிற்கவில்லை. ஃப்ரெஷே கண்ட சார்புகளின் ஊருக்குள் நுழைந்தார். அங்கே இரண்டு சார்புகள் அண்டை வீட்டார் என்று எப்படிச் சொல்வது? மூல ஊரில் நாலைந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, உஷ்ணமானியை வைத்துப் பாருங்கள். அங்கெல்லாம் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால் அந்த வேலிக்குள் இரண்டும் இருக்கின்றன. ஒரு வேலி சில இடங்களை மட்டுமே சோதிக்கும். ஆகவே ஒரு சார்பைத் துல்லியமாக வளைத்துப் பிடிக்க எத்தனை வேலிகள் வேண்டும்? முடிவில்லாத ஊராக இருந்தால், சரியாக மூல ஊரின் ஜனத்தொகை எத்தனையோ அத்தனை! ஊருக்குள் காலடி வைக்காமல், ஒரே ஒரு சார்பைச் சுற்றியுள்ள வேலிகளை எண்ணியே ஜனத்தொகையைச் சொல்லிவிடலாம். சிநேகிதர்கள் கேட்ட கேள்வியும் வேலிக்கும் ஜனத்தொகைக்கும் உள்ள உறவைப் பற்றியதே அல்லவா?

சார்புகளின் ஊர் முழுவதும் கச்சிதமாக இருப்பதில்லை. ஆனால் அதற்குள்ளே கச்சிதமான பேட்டைகள் உண்டு. 1947-இல் எபர்லைனும் 1952-இல் குரோதெண்டீக்கும் எழுதிய கட்டுரைகள் அவற்றின் குணத்தை விளக்கின. மூல ஊர் கச்சிதமாக இருந்தால், அந்தப் பேட்டைகளில் ஒரு கூட்டத்தை ஒட்டி நிற்கும் எவரையும் அந்தக் கூட்டத்திலிருந்தே ஒருவர் பின் ஒருவராக ஆள் அனுப்பி நெருங்கிவிடலாம். எல்லா வெளிகளிலும் இது நடக்காது. நடக்கிற வெளிகளுக்குக் கணிதக்காரர்கள் ‘ஃப்ரெஷே–உரிசோன் வெளிகள்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். சார்புகளைப் புள்ளிகளாக்கியவர் பெயரும், கடலில் போனவர் பெயரும் ஒன்றாக வழங்குகின்றன.

அலெக்ஸாந்த்ரோவ் 1982 நவம்பர் 16-இல் காலமானார். சிநேகிதர் இல்லாமல் ஐம்பத்தெட்டு வருஷம் வாழ்ந்தவர். அதில் நாற்பத்தைந்து வருஷம் இருவருக்கும் பொதுவான கேள்வியோடு வாழ்ந்தவர். நாம் மறைந்தவர்களுக்குத் திதி கொடுக்கிறோம். படம் வைத்து மாலை போடுகிறோம். அவர் சிநேகிதருடைய கைப்பிரதிகளை அச்சேற்றினார். சிநேகிதருடைய கேள்வியை அப்போது பிறந்தே இராத ஒரு பிள்ளை வந்து பதில் சொல்லும்வரை உயிரோடு வைத்திருந்தார். அன்று கடலில் இறங்குமுன் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்கு அது ஈடாகுமா என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனிதரால் இன்னொரு மனிதருக்குச் செய்யக்கூடிய காரியங்களில் அது சிறியதல்ல.