கொருக்குப்பேட்டையும் ஒற்றைக் கொம்பும்



திருவொற்றியூரில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர், ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு மின்னூல் கருவி கொண்டுவந்து கொடுத்தார். கண்புரை அறுவைக்குப் பிறகு செல்போனில் என்னால் அதிகம் படிக்க முடிவதில்லை. இதன் திரை காகிதம் போல, கண் கூசாமல் இருக்கிறது. ஆங்கில நூல் அழகாகத் தெரிந்தது. தமிழ் நூலைத் திறந்தால் 'கொருக்குப்பேட்டை' சிதறிக் கிடந்தது. 'க' முன்னால் தனியாக நிற்க, கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றன.

காரணம் தேடிப் படித்தேன். நாம் 'கொ' எழுதும்போது முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு 'க', பிறகு துணைக்கால். 1991இல் வந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் யூனிகோடு முறையில் 'க' முதலில் பதிவாகும், உயிர்க்குறி அதன் பின்னால் வரும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டியது கருவியில் உள்ள மென்பொருளின் வேலை. அது தெரியாத கருவியில் எழுத்து உடைந்துதான் நிற்கும்.

இதற்காக நம்மவர்கள் காத்திருக்கவில்லை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வசித்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாகக் கொடுத்தார்கள். முதல் நூல் திருக்குறள்.

2013இல் த. ஸ்ரீநிவாசனும் நண்பர்களும் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளத்தைத் தொடங்கினார்கள். பழைய கிண்டில், நூக் போன்ற கருவிகளில் தமிழ் சரியாக வராததால், ஒவ்வொரு நூலையும் ஈபப் வடிவத்தோடு 6 அங்குலத் திரைக்கேற்ற பிடிஎஃப் ஆகவும் கொடுத்தார்கள். பிடிஎஃப்பில் எழுத்துகள் முன்பே கோக்கப்பட்டுவிடுவதால் உடையாது. நல்ல யோசனைதான். ஆனால் என் போன்ற வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையைவிட்டு வெளியே ஓடிவிடும். ஈபப்பில் அப்படி ஆகாது, வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய 5 மொழிகளில் கிண்டில் நூல்களைக் கொண்டுவந்தது. மதுரைத் திட்டம் தொடங்கி அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய நிறுவனம் கதவைத் திறப்பதற்கு முன்பே நூல்களும் வாசகர்களும் வாசலில் நின்றார்கள் என்பதே இந்த வரலாறு எனக்குச் சொல்லும் பாடம்.

என் கையில் இருப்பது அதிகம் பேர் வாங்காத சிறிய கருவி. அதற்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்துக்கு நானே கடிதம் எழுதினேன். 'தமிழ் வேண்டும்' என்று மட்டும் கேட்டால் அவர்களுக்குப் புரியாது. கருவியின் மாதிரி எண், மென்பொருள் பதிப்பு எண், உடைந்த திரையின் படம், சரியான எழுத்தின் படம், கெ, கே, கை, கொ, கோ, கௌ அனைத்தும் உள்ள ஒரு சிறிய ஈபப் கோப்பு ஆகியவற்றை இணைத்தேன். எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'ஹார்ஃப்பஸ்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு செல்போன்களும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. 'நோட்டோ' தமிழ் எழுத்துருவும் இலவசம். ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சேர்த்தால் போதும் என்றும் எழுதினேன்.

இன்னும் பதில் வரவில்லை. ஒரு கிழவரின் ஒற்றைக் கடிதத்தை ஒதுக்கிவைப்பது எளிது. உங்களில் பலர் கணினித் துறையில் இருக்கிறீர்கள். இப்படி ஒரு கருவி உங்கள் வீட்டிலும் இருந்தால், உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். மரியாதையாக, விவரத்தோடு எழுதுங்கள். சிலேட்டில் ஒற்றைக் கொம்பை எங்கே போடுவது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அதை அந்தக் கருவிக்கு நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.