தகுதியின் அளவுகோல்

பெரிய மென்பொருள் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வு என்றவுடன் நம் இளைஞர் பலரின் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுகின்றது. தகுதி என்பது சிலருக்குப் பிறப்பிலேயே வாய்த்தது, அதனை நிறுத்துக் காட்டும் பிழையற்ற தராசே அத்தேர்வு என்னும் எண்ணமே அதற்குக் காரணமாகும். அத்தராசின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'எனியாக்' என்னும் கணிப்பொறி உலகிற்குக் காட்டப்பட்டது. அதற்குரிய நிரல்களை வகுத்தோர் பெண்கள் அறுவர். அக்காலத்தில் அது எழுத்தர் பணிக்கு ஒப்பான சிறு வேலையாகக் கருதப்பட்டமையால், அவர்தம் பெயர்கள் பல்லாண்டுகள் மறைந்தே கிடந்தன.

கணிப்பொறிகள் பெருகவே, ஆள் தேவையும் பெருகிற்று. 1955-இல் ஐ.பி.எம். நிறுவனம் நிரலாளருக்கெனத் தகுதித் தேர்வொன்றை வகுத்தது. எண் வரிசை, உருவ ஒப்புமை, கணக்கு ஆகியவை அதில் இடம்பெற்றன. 1966-இல் கானன், பெர்ரி என்னும் உளவியல் அறிஞர் இருவர், அன்று பணியிலிருந்த 1,378 நிரலாளர்களை ஆராய்ந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். புதிர்களில் நாட்டமும் மனிதரிடத்து ஆர்வமின்மையும் நிரலாளரின் இயல்புகள் என்று அவ்வாய்வு கூறிற்று. முன்னரே உள்ளே இருந்தவர்களின் சாயல், இனி வரவேண்டியவர்களுக்கு இலக்கணமாயிற்று!

பின்னர் மைக்ரோசாப்ட் போன்ற நிறுவனங்கள் நேர்முகத்தில் புதிர்களைக் கேட்டன. அம்முறையைப் பின்பற்றிய கூகுளின் பணியாளர் துறைத் தலைவர் லாஸ்லோ பாக், அவற்றால் பயனில்லை என்று 2013-இல் வெளிப்படையாகவே உரைத்தார். ஒரு தலைமுறை தகுதி என்று போற்றியதை அடுத்த தலைமுறை தள்ளிவிட்டது.

இந்நாளில் தரவுக் கட்டமைப்பு, படிமுறைத் தீர்வு ஆகியவற்றில் வினாக்கள் தரப்படுகின்றன. குறுகிய நேரத்தில், தன் சிந்தனையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விண்ணப்பதாரர் நிரல் எழுத வேண்டும். ஆனால் பணியில் சேர்ந்தபின் செய்வதோ, பிறர் பல்லாண்டுகள் எழுதிய நிரல்களைப் படிப்பது, பிழை களைவது, சோதிப்பது, உடன் பணிபுரிவோரின் பார்வைக்கு வைத்துத் திருத்துவது. தேர்வு வேறு, தொழில் வேறு. தேர்வு என்பது பயிற்சியால் கைவரும் தனிக்கலை. தமையனோ மாமனோ அந்நிறுவனங்களில் இருப்போர்க்கு அக்கலை வீட்டிலேயே கிடைக்கின்றது. நம்மவர்க்கோ அது சங்கத்தின் வழியாகவே கிடைத்தல் கூடும். பணியிலிருப்போர் வினவ, மாணவர் விடையிறுக்கும் ஒத்திகைகள் வாரந்தோறும் நடைபெறல் வேண்டும்.

வாயிலைக் கடந்தால் மட்டும் போதுமா? ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு உள்ளானார் எனக் கலிபோர்னியா மாநில அரசுத் துறை 2020 ஜூனில் சிஸ்கோ நிறுவனத்தின்மீதும் மேலாளர் இருவர்மீதும் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மேலாளர்கள் மீதான வழக்கு 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. எனினும் கடல் கடந்த மண்ணிலும் சாதி பற்றிய வினா எழுந்துவிட்டது. பெரும் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த சியாட்டில் நகரமன்றம், 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அமெரிக்க நகரங்களுள் அதுவே முதலாவது.

இளைஞர்களே! அளவுகோல் மனிதர் செய்தது, காலந்தோறும் மாறியது, இனியும் மாறும். ஒரு நிறுவனம் மறுத்தால் அது நம் அறிவின் மீதான தீர்ப்பன்று. அளவுகோலைக் கற்போம், உள்ளே சென்றபின், பின்வருவோர்க்கு அதனை நேர்செய்வோம்.