செம்பனையின் கர்மம்

கூலிம் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை மிகுந்திருப்பதை வாசகர்கள் அறிவார்கள். ரப்பரில் நல்ல மரம் ஒன்று அகப்பட்டால், அதன் மொட்டைச் சீவி ஒட்டுக்கட்டி அதே மரத்தை ஆயிரமாகப் பெருக்கிவிடலாம். செம்பனைக்கோ கிளையுமில்லை, ஒட்டுவதற்கு மொட்டுமில்லை. உச்சியில் ஒரே குருத்துதான். விதையிட்டாலோ, தாயைப் போலவே பிள்ளை பிறக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே 1970களில் விஞ்ஞானிகள், தேர்ந்த மரத்தின் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அச்சில் வார்த்தாற்போன்ற கன்றுகளை உண்டாக்கும் வழியைக் கண்டார்கள். அப்பத்தாண்டு முடிவதற்குள்ளேயே அக்கன்றுகள் மலேசிய மண்ணில் ஊன்றப்பட்டன.

1980களில் விபரீதம் வெளிப்பட்டது. கன்றில் குறையில்லை, ஓலையில் குறையில்லை. சில ஆண்டுகள் உரமும் உழைப்பும் கொட்டிக் காத்திருந்து, பூத்துக் காய்த்த பின்னரே, சில மரங்களின் காயைச் சுற்றிக் கொம்புகள் போலச் சதை முளைத்திருக்கக் கண்டார்கள். கேசரம் அரும்ப வேண்டிய இடத்தில் சூலகம் போன்ற உறுப்பு வளர்ந்திருந்தது. கேடு முற்றிய மரத்தில் குலையுமில்லை, எண்ணெயுமில்லை. தாய்மரத்துக்குள்ள அதே 32 குரோமோசோம்கள், அதே மரபெழுத்துகள். பின் பழுது எங்கே?

தோட்டத்தில் இத்தகைய கேள்விகளுக்கெல்லாம் ஒரே விடைதான். மரம் காய்க்காவிட்டால் கர்மம். பிள்ளை படிக்காவிட்டால் கர்மம். சம்பளம் குறைந்தாலும் கர்மம். (கணக்கெழுதும் கிராணியாகிய எனக்கு இந்த மூன்றாவது கர்மத்தின் சூட்சுமம் கொஞ்சம் தெரியும்.)

வேடிக்கை என்னவென்றால், 2015இல் விடை கிடைத்தபோது அதன் பெயரும் கர்மாவாகவே இருந்தது! மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தைச் சேர்ந்த மெய்லினா ஓங்-அப்துல்லா அம்மையாரும் அவருடன் உழைத்த அமெரிக்க விஞ்ஞானிகளும் அதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கர்மா என்பது இடம்விட்டு இடம் தாவவல்ல மரபுத்துண்டு. இவ்வகைத் துண்டுகளை 1940களில் மக்காச்சோளத்தில் முதன்முதல் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக். அதற்கு நோபல் பரிசு கொடுக்க உலகத்துக்கு 1983 வரை மனம் வரவில்லை. செம்பனையில் இந்தக் கர்மா, பூவின் உறுப்புகளை வகுக்கும் மரபணு ஒன்றின் நடுவே குடியிருக்கிறது. மீதைல் என்னும் சிறு வேதிக்குறிகள் அதன்மேல் இருக்கும்வரை அது வாய் திறவாது.

நம் எழுத்திலே புள்ளி செய்யும் வேலை இதுதான். 'கல்' என்பதில் புள்ளி போனால் 'கல' ஆகிவிடுகிறது. ஓலையில் புள்ளியிடாமல் எழுதியதால் நேர்ந்த பாடபேதங்கள் எத்தனை! குடுவையில் வளர்ந்த காலத்தில் சில கன்றுகளில் இந்தப் புள்ளி அழிந்துபோயிற்று. எழுத்து மாறவில்லை, வாசிப்பு மாறிற்று. மரபணுவின் செய்தி இடையிலே முறிந்தது, பூ கெட்டது.

குறி நிற்பதை 'நல்ல கர்மா' என்றும், அழிந்ததைக் 'கெட்ட கர்மா' என்றும் ஆராய்ச்சியாளர் அழைத்தனர். ஆனால் இந்தக் கர்மாவை முற்பிறப்பில் தேட வேண்டியதில்லை. கன்றின் ஓலைத்துணுக்கைச் சோதித்தால் நடுவதற்கு முன்பே தெரிந்துவிடும், கெட்டதை விலக்கிவிடலாம். சில மரங்களில் அழிந்த குறி மீண்டும் ஏறி, கொம்பு விட்ட காய் பழையபடி சீரான காயாவதும் உண்டு.