ஆந்தையைச் சுட்ட கர்னல்

ஆனைகட்டிப் பக்கம் ஆந்தை பார்க்கக் கூட்டிட்டுப் போறவங்க, "எந்த இடம், எந்தத் தேதி, நோட்டுல எழுதுங்க"ன்னு ரொம்பக் கறாரா இருப்பாங்க. அந்தக் கறாருக்குப் பின்னாடி ஒரு கதை இருக்குங்க.

ஃபாரஸ்ட் ஔலெட்னு ஒரு குட்டி ஆந்தை. நம்ம தென்னந்தோப்புப் புள்ளி ஆந்தைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். மத்திய இந்தியக் காட்டுக்காரர். 1873-ல் இதுக்குப் பேர் வெச்சவர் ஏ.ஓ.ஹ்யூம். (1885-ல் காங்கிரஸை ஆரம்பிச்ச அதே ஹ்யூம்தான்!) 1884-க்கு அப்புறம் ஆளையே காணோம்.

நடுவுல ஒரே தடயம், 1914-ல் சூரத் பக்கம் மாண்ட்வியில சுட்டதா பிரிட்டிஷ் கர்னல் மைனர்ட்ஸ்ஹாகன் சீட்டு கட்டி வெச்சிருந்த, பாடம் பண்ணின பறவை. அதை நம்பித் தேடினவங்க வெறுங்கையோட திரும்பினாங்க. அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசன் அந்தப் பறவையோட தையல், உள்ளே அடைச்ச பஞ்சு எல்லாத்தையும் நோண்டிப் பார்த்தார். 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் பிடிச்சது அது! கர்னல் சுட்டது வாஸ்தவம்தான், ஆனா காட்டுல இல்ல, லண்டன் மியூசியத்துல :-)

மாண்ட்வியை விட்டுட்டு, பழைய நிஜச் சீட்டுகள்ல இருந்த ஊர்ப்பக்கம் தேடினாங்க. 1997 நவம்பர் 25 காலையில, மகாராஷ்டிராவில் ஷஹாதா பக்கத்துல, கூடப் போன பென் கிங் கண்ணுல பட்டுச்சு. 113 வருஷம் கழிச்சு, பட்டப்பகல்ல, ஒரு மொட்டை மரத்துல சும்மா உட்கார்ந்திருந்துச்சாம்.